மரபுரிமையை அட்டவணையில் எழுதுதல்



நாம் கூடியிருக்கும் இந்தப் பாறசாலையிலிருந்து, எல்லைக்கு அப்பால் தமிழகத்திலுள்ள களியக்காவிளை கூப்பிடு தூரம். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. உறவுகள் இருபுறமும் தொடர்ந்தன. இருபுறமும் நிலமுள்ள வீட்டில் அந்தப் பக்கத்துக்குப் பட்டா எண், இந்தப் பக்கத்துக்குத் தண்டப்பேர் எண். பெயர் மாற்ற அங்கே பட்டா மாறுதல், இங்கே போக்குவரவு. உரிமையாளர், பரப்பு, சர்வே எண் இரண்டுக்கும் பொது.

நிரலில் இதை எழுதுவது எளிது. 'நில ஆவணம்' தாய் வகுப்பு. 'பட்டா', 'தண்டப்பேர்' சேய் வகுப்புகள். தாயின் பண்புகளைச் சேய் பெறும் இந்த மரபுரிமை சிமுலா 67 மொழி தந்த கொடை. ஆனால் 1970இல் எட்கர் காட் வகுத்த தரவு மாதிரியில் தாயும் சேயும் கிடையாது; உள்ளவை அட்டவணைகளே. வகுப்பையும் அட்டவணையையும் பொருத்தும் வழிகள் மூன்று என்று மார்ட்டின் ஃபவுலர் 2002இல் வெளியிட்ட நூலில் பெயரிட்டு விளக்கினார்.

முதலாவது, எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் போட்டு, வகையைக் காட்ட ஒரு நெடுவரிசை வைப்பது. வாசிப்பு வேகமானது. ஆனால் பட்டாவின் வரிசையில் தண்டப்பேர் எண் காலியாகத்தான் இருக்கும். ஆகவே அந்த இடம் காலியாகக் கூடாது என்று நேரடியாகக் கட்டளையிட முடியாது. வகையைப் பார்த்துச் சோதிக்கும் விதியைத் தனியே எழுத வேண்டும். அதை மறந்தால் எண்ணே இல்லாத தண்டப்பேரும் உள்ளே நுழைந்துவிடும்.

இரண்டாவது, பட்டாவுக்கும் தண்டப்பேருக்கும் தனித்தனி முழு அட்டவணை. வெற்றிடம் இல்லை. ஆனால் ஒருவருடைய மொத்த நிலத்தைக் கேட்டால் இரண்டையும் ஒட்டித்தான் விடை சொல்ல வேண்டும். அடமானப் பதிவு எந்த அட்டவணையைச் சுட்டுவது என்ற சிக்கலும் எழும்.

மூன்றாவது, பொதுவானவை தாய் அட்டவணையில், சிறப்பானவை சேய் அட்டவணைகளில். இரண்டையும் ஒரே அடையாள எண் பிணைக்கும். ஒவ்வொரு வாசிப்பிலும் ஓர் இணைப்புச் செலவு உண்டு. ஆனால் கட்டாயமான தகவலைத் தரவுத்தளமே காக்கும். அடமானப் பதிவுக்கும் சுட்ட ஓர் இடம் கிடைக்கும்.

நாம் வாய்திறக்காவிட்டால் நமக்காகக் கருவிகள் முடிவெடுக்கும். ஜாவாவின் ஜேபிஏ ஒற்றை அட்டவணையை எடுத்துக்கொள்ளும். ஜாங்கோ தாய்க்கும் சேய்க்கும் தனி அட்டவணை உண்டாக்கும். இந்த இயல்பிருப்பைத் தெரிவு என்று நம்புவதே நம் துறையின் பெருங்குறை. நிலம், பிறப்பு, ஓய்வூதியம் போன்ற உரிமைப் பதிவுகளுக்கு மூன்றாம் வழியே தகும் என்பது என் உறுதியான முடிவு. ஓர் இணைப்பைத் தவிர்த்தால் மிச்சமாகும் சில மில்லி நொடிகளைவிட ஒரு குடும்பத்தின் பாகம் பெரிது.

ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கட்டுரையில் வேகத்தைக் காட்டும் முன், எந்தத் தகவல் ஒருபோதும் காலியாகக் கூடாது என்பதை முதலில் எழுதுங்கள். அதிலிருந்து அட்டவணையை வகுங்கள். இந்த வேண்டுகோளோடு மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.