கரிசல் காட்டில் ஒரு நாள்

குவாத்தமாலா, மெக்சிகோ நாடுகளில் மாயா மக்களின் பழைய நகரங்களைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். அங்கே இடிபாடு மட்டுமல்ல, மாயா மொழிகள் பேசும் மக்களும் பக்கத்து ஊர்களிலேயே வாழ்கிறார்கள். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரமும் அப்படித்தான்.

அருப்புக்கோட்டைக்கு அருகே கோவிலாங்குளத்தில் சமணக் கோயிலின் சிதைவுகளும் தீர்த்தங்கரர் சிலைகளும் உள்ளன. முதலாம் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டும் உண்டு. பெயர்ப் பலகை பார்த்து வருகிறவர்கள் குறைவு. திருச்சுழியில் குண்டாற்றங்கரையில் திருமேனிநாதர் கோயில், சுந்தரர் பாடிய தலம். ஆற்றின் மறுகரையில் பள்ளிமடம், பாண்டியர் காலக் கல்வெட்டுகளால் பெயர் பெற்றது. 1879 டிசம்பர் 30 அன்று ரமணர் பிறந்த வீடு, கோயிலுக்குப் பக்கத்திலேயே சுந்தர மந்திரம் என்ற பெயரில் இருக்கிறது.

பிள்ளைகளோடு போனால் கோயிலோடு திரும்பிவிடக் கூடாது, நெசவையும் காட்ட வேண்டும். அருப்புக்கோட்டையில் சாலியரும், வீட்டில் கன்னடம் பேசும் தேவாங்கரும் தலைமுறை தலைமுறையாக நெசவு செய்தவர்கள். குவாத்தமாலாவில் மாயாப் பெண்கள் தறியின் ஒரு முனையை மரத்தில் கட்டி, மறுமுனையை வாரால் இடுப்போடு பிணைத்து நெய்வார்கள். இங்கே குழித்தறியில் காலை உள்ளே விட்டு உட்கார்ந்து, மிதித்து மிதித்து நெய்வது வழக்கம். விசைத்தறி வந்தபின் தறிச் சத்தமே மாறிவிட்டது.

இந்த வட்டாரம் மழை குறைந்த பூமி. கண்மாயை நம்பிய விவசாயம். மாயாக்களின் திக்கால் நகரமும் மழைநீரைத் தேக்கித்தான் வறண்ட மாதங்களைக் கடத்தியது. இங்கு ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் கண்மாயில் தண்ணீர் நிற்கும். மார்கழி, தை பயணத்துக்கு ஏற்ற மாதங்கள். நண்பகலில் கோயில் நடை சாத்தியிருக்கும், காலையிலேயே கிளம்புவது நல்லது.