அட்டவணைக்குள் ஓடும் நிலா: அலெக்சாந்திரியாவிலிருந்து வெள்ளவத்தை வரை

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சைவ வீட்டுக் கலண்டரையும், கொட்டாஞ்சேனையில் ஒரு கத்தோலிக்க வீட்டுக் கலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் சிவராத்திரி, ஆடிவேல், நவராத்திரி. மற்றதில் சாம்பல் புதன், பெரிய வெள்ளி, உயிர்த்த ஞாயிறு. இரண்டிலும் நிறைநிலாப் போயா நாட்கள். இவை ஒன்றுமே வருடாவருடம் ஒரே திகதியில் வருவதில்லை. ஏன் என்று கேட்டால், நிலாவைப் பார்த்து வைப்பதால் என்பார்கள். ஆனால் யாரும் மொட்டை மாடிக்கு ஏறி நிலாவைப் பார்த்து நாள் குறிப்பதில்லை. அட்டவணையைப் பார்த்துத்தான் குறிக்கிறார்கள். அந்த அட்டவணைக் கலையில் பேர்பெற்ற ஒரு கிரேக்க நகரத்தைப் பற்றித்தான் இன்று கதைக்கப் போகிறோம்: அலெக்சாந்திரியா.

கி.மு. 331இல் மகா அலெக்சாந்தர் எகிப்தின் கடற்கரையில் நிறுவிய நகரம் இது. அவருக்குப் பின் ஆண்ட தொலமி அரசர்கள் அங்கே பெரிய நூலகமும் அறிஞர் கூடமும் அமைத்தார்கள். நாங்கள் ஓ.எல். வகுப்பில் படிக்கிற கேத்திர கணிதத்தை ஒழுங்குபடுத்தித் தந்த யூக்ளிட் அந்த நகரத்தோடு சேர்த்துப் பேசப்படுகிறவர். நூலகத்தின் தலைவராக இருந்த எரட்டோஸ்தெனிஸ் பூமியின் சுற்றளவைக் கணித்தார். கோடைச் சங்கராந்தி நண்பகலில், இன்றைய அஸ்வான் இருக்கும் இடத்தில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அதே நேரம் அலெக்சாந்திரியாவில் நிழல் விழும். அந்த நிழலின் கோணம் வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. ஆகவே இரு ஊர்களுக்கும் இடையிலான தூரத்தை ஐம்பதால் பெருக்கினால் பூமியின் சுற்றளவு.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்தவர் வானியலாளர் தொலமி. பேர் ஒன்றென்றாலும் அரசர் குடும்பத்தைச் சேர்ந்தவர் அல்லர். எங்கள் இலங்கைத் தீவை ‘தப்ரோபேன்’ என்று வரைந்தார், ஆனால் பல மடங்கு பெருப்பித்து, பூமத்திய ரேகைக்குத் தெற்கேயும் இழுத்துவிட்டார். வானத்தில் அவர் இந்தளவுக்குத் தவறவில்லை. சூரியன், நிலா, கிரகங்கள் எந்த நாளில் எங்கே நிற்கும் என்பதை எடுத்துப் பார்க்க ‘கையடக்க அட்டவணைகள்’ என்று ஒரு தொகுப்பையும் செய்தார். இருநூறு வருடம் கழித்து அதற்கு உரை எழுதியவர் அதே ஊர்த் தெயோன். அவருடைய மகள்தான் கணித ஆசிரியை ஹைப்பேஷியா.

இனிச் சமயம். கிறிஸ்தவர்களுக்கு அந்தக் காலத்தில் ஒரு பெரிய சிக்கல்: உயிர்த்த ஞாயிறு எப்போது? இளவேனில் சமநாளுக்குப் பின் வரும் நிறைநிலாவுக்கு அடுத்த ஞாயிறு என்பது விதி. ஆனால் ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு கணக்கை வைத்திருந்தது. தவக்காலம் நாற்பது நாள் முன்னரே தொடங்க வேண்டும். நிலா நிறைந்த பிறகு சொல்லி அனுப்பினால் எப்படி?

3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த அனத்தோலியஸ் என்ற கணித அறிஞர், பிற்காலத்தில் ஆயரானவர், 19 வருடச் சுழற்சியை இதற்குப் பொருத்தினார். 19 சூரிய வருடமும் 235 நிலா மாதமும் ஏறத்தாழச் சமம், வித்தியாசம் இரண்டு மணித்தியாலம் அளவுதான். அதனால் 19 வருடத்துக்கு ஒரு தரம் நிறைநிலா அதே திகதிகளுக்குத் திரும்பும். ஒரு முறை பட்டியல் போட்டால் போதும். அலெக்சாந்திரிய ஆயர்கள் வருடாவருடம் கடிதம் எழுதித் திருநாளை அறிவிப்பது வழக்கமானது.

இந்த வரலாற்றில் ஒரு கறையும் உண்டு. 415இல் ஹைப்பேஷியாவை ஒரு கிறிஸ்தவக் கும்பல் கொன்றது. அப்போது அங்கே ஆயராக இருந்தவர் சிரில். அதே சிரில் 437 முதல் 531 வரையான உயிர்த்த ஞாயிறு அட்டவணையைச் செய்தவராகவும் அறியப்படுகிறார். கணித ஆசிரியையைக் கொன்ற நகரம், தன் திருநாளுக்குக் கணிதத்தை விடவில்லை. 525இல் உரோமையில் டயோனீசியஸ் என்ற துறவி அந்த அட்டவணையைத் தொடர்ந்து எழுதினார். கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய பேரரசன் டயோக்ளீசியன் பேரில் வருடத்தை எண்ணாமல், இயேசு பிறப்பிலிருந்து எண்ணினார். நாங்கள் காசோலையில் எழுதும் வருட எண்ணுக்கு மூலம் அதுதான்.

அந்த நகரம் எங்கள் தீவையும் அறிந்திருந்தது. 6ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரிய வணிகர் கொஸ்மாஸ், இலங்கையில் பாரசீகக் கிறிஸ்தவர்களின் கோயில் ஒன்று இருப்பதாக எழுதினார். அதே நூலில் பூமி தட்டை என்றும் வாதாடினார், எரட்டோஸ்தெனிஸ் அதன் சுற்றளவைக் கணித்த நகரத்திலிருந்தே!

இப்போது பஞ்சாங்கத்துக்கு வருவோம். அதே 6ஆம் நூற்றாண்டில் உஜ்ஜயினிப் பக்கம் வராகமிகிரர் ‘பஞ்சசித்தாந்திகா’ எழுதினார்; அவர் தொகுத்த ஐந்து சித்தாந்தங்களில் ஒன்றின் பேர் ரோமகம். யவனபுரத்துக்கும் உஜ்ஜயினிக்கும் நேர வித்தியாசம் 7⅓ நாழிகை என்கிறார். யவனபுரம் அலெக்சாந்திரியா என்பது ஆய்வாளர் கருத்து. ஒரு நாழிகை 24 நிமிடம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: 2 மணி 56 நிமிடம். இன்றைய அளவில் 3 மணி 3 நிமிடம் சொச்சம். மணிக்கூடும் தந்தியும் இல்லாத காலத்தில் பிழை பத்து நிமிடத்துக்குள்.

கிரேக்கக் கணக்கோடு எங்கள் பஞ்சாங்கத்துக்கு உள்ள தொடர்புக்கு இன்னொரு தடயம் 248 என்ற எண். நிலா பூமிக்குக் கிட்ட வரும்போது வேகமாக ஓடும், தூரப் போனால் மெதுவாகும். இந்த வேகச் சுற்று ஒன்று சுமார் 27½ நாள். ஒன்பது சுற்று முடிந்தால் ஏறத்தாழ 248 நாள். ஆகவே 248 நாளுக்கு நிலாவின் இடத்தை எழுதி வைத்தால், திரும்பத் திரும்ப அதையே பயன்படுத்தலாம். பாபிலோனியர் கண்ட இந்தச் சுற்று, உரோமர் கால எகிப்தின் கிரேக்கப் பாப்பிரசுகளிலும் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் அதை 248 வாக்கியங்களாக்கினார்கள். எழுத்துகளுக்குள் எண்ணை ஒளித்து, மனப்பாடம் செய்யும்படி அமைத்தார்கள். வாக்கிய பஞ்சாங்கத்தின் வாக்கியம் இதுதான்.

1825இல் சென்னையில் ‘கால சங்கலிதம்’ என்ற நூலை வெளியிட்ட ஜோன் வாரன், புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைக் கண்டார். அவர் தரையில் சோழி பரப்பி, வாக்கியங்களை நினைவிலிருந்து சொல்லி, அந்த வருட மே மாதக் கடைசிச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்க நேரத்தில் பிழை 4 நிமிடம்தான். நடுவிலும் முடிவிலும் பிழை கூடியது உண்மை. 1952இல் வானியல் வரலாற்றறிஞர் ஒட்டோ நொய்கெபவர் இந்தப் பதிவை ஆராய்ந்து, அந்தச் சோழிக் கணக்குக்கும் பாபிலோனிய, கிரேக்க முறைகளுக்கும் உள்ள உறவைக் காட்டினார்.

சரி, அட்டவணை நிலாவும் வானத்து நிலாவும் ஒன்றா? எப்போதும் இல்லை. 2038இல் சமநாள் மார்ச் 20, நிறைநிலா மார்ச் 21. வானத்தை நம்பினால் உயிர்த்த ஞாயிறு மார்ச் 28. ஆனால் கொட்டாஞ்சேனை புனித லூசியாள் பேராலயத்தில் அன்று உயிர்த்த ஞாயிறு இருக்காது. திருச்சபை அட்டவணைப்படி ஏப்ரல் 25தான். இங்கே சித்திரை வருடப்பிறப்புக்கும் வாக்கியம் ஒரு நேரம், திருக்கணிதம் ஒரு நேரம் சொல்லும். திருக்கணிதம் இன்றைய அவதானிப்புக்கு ஏற்பத் திருத்தியது. வாக்கியம் பழைய சூத்திரத்தை விடாதது. கிறிஸ்தவ சபைகளிலும் இதே சண்டைதான்: 1582இல் பாப்பரசர் கிரகோரி நாட்காட்டியைத் திருத்தினார். கிழக்குச் சபைகள் பெரும்பாலானவை உயிர்த்த ஞாயிறுக்கு இன்றும் பழைய கணக்கையே எடுக்கின்றன.

இதை மூடநம்பிக்கைக்கும் விஞ்ஞானத்துக்கும் இடையிலான சண்டை என்று நான் பார்க்கவில்லை. கரையோர ரயில் பிந்தி வந்தாலும் நாங்கள் நேர அட்டவணையைப் பார்த்துத்தான் வெள்ளவத்தை ஸ்டேஷனுக்குப் போகிறோம். எல்லோரும் ஒரே நேரத்தில் கூடுவதற்கு அது வேண்டும். திருநாளுக்கும் அப்படித்தான். துல்லியம் ஒரு தேவை, ஒற்றுமை இன்னொரு தேவை. இந்த நாட்டில் 1966 முதல் 1971 வரை ஞாயிறு விடுமுறையை எடுத்துவிட்டுப் போயாவை வைத்தார்கள். நிலாவின் கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் வெளிநாட்டு வணிகத்தோடு நாள் பொருந்தவில்லை, திரும்ப ஞாயிறுக்கே வந்தார்கள்.

ஆகவே அடுத்த சித்திரையில் இரண்டு பஞ்சாங்கமும் இரண்டு நேரம் சொன்னால், எது பிழை என்று சண்டைக்குப் போக முன், எந்த அட்டவணை, யார் எப்போது திருத்தியது என்று கேளுங்கள். அடுத்த காணொளியில் அந்த வாக்கியங்களில் ஒன்றை எடுத்து, எழுத்திலிருந்து எண்ணை எப்படி எடுப்பது என்று செய்து பார்ப்போம். பேப்பரும் பேனையும் எடுத்து வையுங்கள்.