மயிலிறகு குட்டி போடுமா?

(வெள்ளிவிழாப் பெற்றோர் கூட்டத்தில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

25 ஆண்டுகளை நிறைவு செய்துள்ள இச்சங்கத்தின் மேடையில் விடுதியைப் பற்றியும், உதவித்தொகையைப் பற்றியும், பொதுத்தேர்வு முடிவுகளைப் பற்றியும் பேசுவதற்குத் தகுதியுடையோர் பலர் இருக்கின்றனர். எனக்கு ஒதுக்கப்பட்ட பொருளோ, 'இல்லத்தில் குழந்தையின் விளையாட்டும் கற்பனையும்' என்பது. 'பிள்ளைகள் விளையாடிக் கெடுவது போதாதென்று இதற்கொரு சொற்பொழிவா?' என்று எண்ணுவோர் இவ்வவையிலேயே இருக்கக்கூடும். அவர்கள் மீது எனக்கு வருத்தமில்லை. பள்ளி வாசலை மிதிக்கவும் இடமில்லாதிருந்த சமுதாயம் இது. படிப்பின் அருமை நமக்குத் தெரிந்த அளவு பிறருக்குத் தெரியாது. அந்த அருமை தெரிந்ததனாலேயே, நான்கு வயதுக் குழந்தையின் கையிலிருக்கும் கொட்டாங்கச்சியைப் பிடுங்கி எறிந்துவிட்டு நோட்டையும் பென்சிலையும் திணிக்கிறோம். இந்தப் பிடுங்கலைப் பற்றியே நான் பேச வந்திருக்கிறேன்.

ஒரு சிறுவன் வேப்பங்குச்சியைக் கால்களுக்கிடையே வைத்துக்கொண்டு குதிரை ஓட்டுகிறான். அது குச்சிதான் என்பது அவனுக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும் அதற்குத் தண்ணீர் காட்டுகிறான். களைத்துவிட்டதென்று புளியமரத்தில் கட்டிப்போடுகிறான். இதைப் பார்த்து நாம் சிரித்துவிட்டுப் போகிறோம். ஆனால் ருஷ்ய நாட்டு உளவியல் அறிஞர் லெவ் வைகாட்ஸ்கி, 1933ஆம் ஆண்டு லெனின்கிராடில் ஆற்றிய உரையொன்றில் இந்தக் குச்சிக் குதிரையையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டார். கண்ணுக்குத் தெரிகிற பொருள் ஒன்று, மனத்தில் நிற்கிற பொருள் வேறொன்று என்று குழந்தை பிரித்தறியத் தொடங்குவது இவ்விளையாட்டில்தான் என்பது அவர் கண்ட முடிவு. எழுதப் படிக்கக் கற்பதற்கும் இதுவே முன்னோடி என்றும் அவர் கருதினார்.

சற்றே எண்ணிப் பாருங்கள். 'அ' என்ற எழுத்தில் அம்மாவும் இல்லை, அணிலும் இல்லை. பலகையில் வளைந்து கிடக்கும் வெறுங்கோடு அது. அந்தக் கோடு ஓர் ஒலிக்குப் பதிலாக நிற்கிறது என்று ஏற்றுக்கொள்ளும் மனம் இருந்தால்தான் எழுத்து ஏறும். குச்சியைக் குதிரையாகவும், கொட்டாங்கச்சியை உலைப்பானையாகவும், மணலைச் சோறாகவும் ஏற்றுக்கொண்ட பிள்ளைக்கு இந்த ஏற்பு புதிதன்று. 30 ஆண்டுகளுக்கு மேலாக முதல் வகுப்பில் வந்து சேரும் குழந்தைகளைப் பார்த்து வருகிறேன். கூட்டாஞ்சோறு ஆக்கி விளையாடிய பிள்ளை, படத்தைக் காட்டிக் கதை கேட்டால் உடனே சொல்லும். மூன்று வயதிலிருந்து எழுத்தின் மேலேயே எழுதிப் பழக்கப்பட்ட பிள்ளையோ, 'அடுத்து என்ன எழுத வேண்டும்?' என்று என் முகத்தைப் பார்க்கும்.

கற்றறிந்தோரிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டென்பதையும் மறைக்கலாகாது. மரியா மாண்டிசோரி அம்மையார் 1907இல் ரோமாபுரியின் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் பகுதியில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து நம் நாட்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அளித்தார். சிறு குழந்தைகளுக்குத் தேவதைக் கதைகளைக் காட்டிலும் உண்மைப் பொருள்களே வேண்டுமென்பது அவ்வம்மையாரின் கொள்கை. அவர்பால் எனக்கு அளவற்ற மதிப்புண்டு. ஆயினும் இந்த ஓரிடத்தில் என் மனம் நம் பாட்டிமார் பக்கமே சாய்கிறது.

பாட்டிமார் செய்ததென்ன? புத்தகத்தில் வைத்த மயிலிறகு குட்டி போடும் என்றார்கள். அதற்குத் தீனியாகப் பனைமட்டையைச் சுரண்டிப் போடச் சொன்னார்கள். வானில் செல்லும் கொக்குக் கூட்டத்திடம் நகத்தைக் காட்டிப் பூக் கேட்கச் சொன்னார்கள். சில நாளில் நகத்தில் வெள்ளைப் புள்ளி தோன்றினால் கொக்கு பூப்போட்டுவிட்டது. விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறியச் சொன்னார்கள். ஒரு காசு செலவில்லாத மாயங்கள்.

'குழந்தையிடம் பொய் சொல்லலாமா?' என்று பகுத்தறிவு நாட்டமுள்ள இளைஞர் ஒருவர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. மயிலிறகை வைத்த குழந்தை அன்றாடம் காலையில் புத்தகத்தைத் திறந்து பார்க்கிறது. நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வேறுபாடு என்று உற்று நோக்குகிறது. 'நிஜமாகவே போடுமா?' என்று அது கேட்கும் நாளில், 'நீயே பார்த்துச் சொல்' என்று விட்டுவிடுங்கள். ஏழெட்டு வயதில் அது தானே உண்மையைக் கண்டுகொள்ளும். கண்டுகொண்ட பின், சிரிப்பை அடக்கிக்கொண்டு அதே கதையைத் தன் தம்பிக்குச் சொல்லும்.

பொய் வேறோரிடத்தில் இருக்கிறது. 'தூங்காவிட்டால் பூச்சாண்டி வருவான்', 'போலீஸ் பிடித்துக்கொண்டு போவான்', 'இரு, வாத்தியாரிடம் சொல்கிறேன்' என்கிறோமே, அது. இங்கே குழந்தைக்கு உற்றுநோக்க ஒன்றுமில்லை, நடுங்கத்தான் முடியும். இத்தகைய பேச்சால் என்னைக் காண்பதற்கு முன்பே என்னிடம் அஞ்சி வரும் குழந்தைகளின் அழுகையை நிறுத்தவே சூன் மாதம் முழுவதும் எனக்குச் சரியாகிவிடுகிறது.

தாய் தந்தை இருவரும் விடியுமுன் வேலைக்குச் செல்லும் வீட்டில் இதற்கு ஏது நேரம் என்பீர்கள். உண்மை. நான் கேட்பது, சோறு வெந்துகொண்டிருக்கும் கால் மணி நேரம். மின்சாரம் நின்றுபோன இரவில் விளக்கின் முன் இரு கைகளையும் கோத்துச் சுவரில் மானும் நாயும் காட்டுங்கள். காலித் தீப்பெட்டி இரண்டை நூலால் இணைத்துத் தொலைபேசி செய்து கொடுங்கள். நூல் விறைப்பாக இருந்தால் பேச்சுக் கேட்கிறது, தொய்ந்தால் கேட்பதில்லை. இதைத் தானாகக் கண்டறிந்த பிள்ளைக்கு ஒலியைப் பற்றிய பாடம் பின்னாளில் பழைய நண்பனைப் போலிருக்கும். பப்பாளித் தண்டும் சோப்புத் தண்ணீரும் இருந்தால் நூறு கண்ணாடிக் கோளங்கள். சோளத்தட்டையில் வண்டியும் மூக்குக் கண்ணாடியும், பூவரசிலையில் பீப்பியும் செய்யத் தெரிந்த தகப்பன்மார் இவ்வவையில் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். 'எனக்குப் படிப்பில்லை, பிள்ளைக்கு நான் என்ன சொல்லித் தருவேன்?' என்று என் அறையில் வந்து தலைகுனிந்து நிற்பவர்களும் நீங்களேதாம். கைப்பேசியைக் கொடுத்தால் பிள்ளை அசையாமல் உட்காருகிறது என்பது மெய்தான். அசையாமல் உட்காருவது நோயாளியின் இலக்கணம் என்பதற்கு மேல் அதைப்பற்றி இங்கு நான் விரித்துரைக்கப் போவதில்லை.

இனி, சொல்லத் தயக்கமான ஒன்று. இவ்வவையில் சொல்லாமல் வேறெங்கே சொல்வது? எண்ணெய் டின்னை இரண்டு குச்சிகளால் தட்டிக்கொண்டு ஒரு சிறுவன் தெருவில் ஊர்வலம் போகிறான். வேறு தெருவாயின் பெற்றோர் சிரித்து மகிழ்வர். நம் தெருவில் தகப்பன் ஓடிவந்து குச்சியைப் பறித்து முறிக்கிறான். ஏனென்று நமக்குத் தெரியும். இழவுக்கும் திருவிழாவுக்கும் கட்டாயமாக அடிக்க வைக்கப்பட்ட பறையின் நினைவு அவன் கையை அப்படிச் செய்விக்கிறது. அத்தொழிலைக் கைவிட நம் முன்னோர் பட்ட அடியும் இழந்த கூலியும் சிறிதல்ல.

ஆயினும் பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கியத்தை எண்ணிப் பாருங்கள். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் ஒன்று சிறுபறை. முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழ் பாடிய குமரகுருபரர், முருகப்பெருமானையே சிறு குழந்தையாக்கிச் சிறுபறை முழக்குமாறு வேண்டுகிறார். தெய்வக் குழந்தை முழக்கினால் இலக்கியம், நம் குழந்தை தட்டினால் இழிவு என்ற கணக்கை எழுதியவர் யார்? பிறர் ஏவலுக்கு அடிக்க மாட்டோம் என்றது நம் முன்னோரின் உரிமை. எவர் ஏவலுமின்றித் தன் மகிழ்ச்சிக்குத் தட்டுவது இச்சிறுவனின் உரிமை. அவன் தட்டட்டும்.

அவன் தட்டுவதோடும் நிற்கப் போவதில்லை. நம் தெருவுக் குழந்தைகள் விளையாடுவதைச் சற்று மறைந்து நின்று பாருங்கள். ஒருவன் கல்லின் மேலேறி, ஒரு கையில் நோட்டை அணைத்து மறு கையின் சுட்டுவிரலை நீட்டி அம்பேத்கர் சிலையாக நிற்கிறான். மற்றவர்கள் ஆவாரம்பூ மாலை போடுகிறார்கள். அடுத்த நொடியில் சிலை கீழே குதித்து நடத்துநராகிப் புளிய இலைகளைச் சீட்டாகக் கிழித்துத் தருகிறது. சாத்தாராவில் தாம் அமரும் கோணிப்பையைத் தாமே பள்ளிக்குச் சுமந்து சென்ற சிறுவரான அந்த மாமனிதர் இதைக் கண்டிருந்தால் சிரித்திருப்பார் என்றே எண்ணுகிறேன். சில வேளை ஒருவன் பண்ணைக்காரனாகி மற்றவனைக் கைகட்டி நிற்கச் சொல்லுவான். பதறி ஓடி விளையாட்டைக் கலைக்க வேண்டா. 'இப்போது அவன் முதலாளி, நீ வேலையாள்' என்று மாற்றிவிடுங்கள். வேடம் மாறக்கூடியது என்பதை நான் எந்தப் பாடநூலிலும் இவ்வளவு தெளிவாக நடத்தியதில்லை.

இவையெல்லாம் பெரும்பாலும் ஆண்பிள்ளைக் கதைகளே என்று இதோ முன்வரிசையில் ஒரு தாய் முணுமுணுப்பது காதில் விழுகிறது. அவர் சொல்வது சரி. இடுப்பில் தம்பியைச் சுமந்துகொண்டு, குடத்தையும் தூக்கிக்கொண்டு, பிறர் விளையாடுவதை ஓரமாக நின்று பார்க்கும் ஏழு வயதுப் பெண் நம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறாள். ஐக்கிய நாடுகள் சபை 1989இல் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு, ஓய்வும் விளையாட்டும் ஒவ்வொரு குழந்தைக்கும் உரியவை என்கிறது. இந்தியா 1992இல் அதில் இணைந்தது. அந்தப் பிரிவு அவள் இடுப்பிலிருந்து தம்பியை இறக்கி வைக்கவில்லை. தகப்பன் இறக்கி வைக்கலாம். அண்ணனும் இறக்கி வைக்கலாம். மாலையில் அரை மணி நேரம் அவள் செப்புச் சாமான் வைத்து விளையாடினால் வீட்டு வேலை ஒன்றும் கெட்டுவிடாது.

சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். ஞாயிறுதோறும் நடைபெறும் தனிப்பயிற்சி வகுப்பில் பத்து வயதுக்குட்பட்டோருக்குக் கடைசி ஒரு மணி நேரத்தைப் பாடமின்றி விடுங்கள். இக்கட்டடத்தின் பின்னறையில் உடைந்த பெஞ்சுகளும் பழைய தட்டிகளும் அடைந்து கிடக்கின்றன. அவற்றை அகற்றி, காலி டின்கள், கிழிந்த சேலைகள், தீப்பெட்டிகள், கொட்டாங்கச்சிகள் ஆகியவற்றை ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். கதை சொல்லத் தெரிந்த பாட்டியொருவரை வாரம் ஒருவராக அழைத்து உட்கார வையுங்கள். வெற்றிலை பாக்குச் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். அந்த அறையின் சாவி செயலாளர் அவர்களிடம் இருப்பதாக அறிகிறேன். வரும் ஞாயிறன்று காலை ஒன்பது மணிக்கு, என் பள்ளியின் பெரிய மாணவர்கள் நால்வருடன் பெஞ்சுகளைத் தூக்குவதற்கு வந்து நிற்பேன்.