நல்ல கொழுப்பின் இன்னொரு வேலை

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



முன்னரெல்லாம் நாங்கள் சந்தித்தால் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கதைப்போம். நாற்பதைத் தாண்டியபின் இரத்தப் பரிசோதனை அறிக்கைகளை ஒப்பிடுகிறோம். "எனக்கு நல்ல கொழுப்புக் கூடத்தான், பயமில்லை" என்று எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி மாத்திரையை நிறுத்திவிட்டாள். இந்த உரைக்கு அவள்தான் காரணம்.

கொழுப்பு தண்ணீரில் கரையாது. ஆகவே உடல் அதைப் புரதத்தோடு சேர்த்துப் பொதிசெய்து குருதியில் அனுப்புகிறது. அந்தப் பொதிகளுள் எச்.டி.எல். என்பதையே நல்ல கொழுப்பு என்கிறோம். உயர்தர விலங்கியலில் தின்குழியங்களைப் படித்தோமே, நினைவிருக்கிறதா? கிருமிகளை விழுங்கும் அவை, இரத்தக்குழாய்ச் சுவரில் தங்கிய கொலஸ்ரோலையும் விழுங்கும். ஆனால் அதை உடைத்தழிக்க அவற்றால் முடியாது. வெளியே தள்ளத்தான் முடியும். ஏற்றிச்செல்ல எச்.டி.எல். வரவேண்டும். வராவிட்டால் மென்சவ்வில் கொலஸ்ரோல் கூடி, ஆபத்தை உணரும் வாங்கிகள் அளவுக்கு மீறி விழித்துக்கொள்ளும். சிறு தூண்டலுக்கும் பெரிய அழற்சி. சுமையை இறக்கிவிட்டால் தின்குழியம் அடங்கும். சில பக்ரீரியாக்களின் நச்சையும் எச்.டி.எல். பிடித்துவைக்கும்.

அமெரிக்காவின் வேர்ஜினியாவில் டாஞ்சியர் என்றொரு சிறு தீவு. அங்கே ஒரு சிறுவனின் ரொன்சில் செம்மஞ்சள் நிறத்தில் வீங்கியிருந்தது. அவனுக்கும் சகோதரிக்கும் குருதியில் எச்.டி.எல். இல்லையென்றே சொல்லலாம். வீங்கிய ரொன்சிலில் இருந்தவை கொலஸ்ரோல் நிரம்பிய தின்குழியங்கள். 1961 இல் டொனால்ட் பிரெட்ரிக்சன் குழுவினர் இந்நோயை விபரித்தனர். கொலஸ்ரோலை வெளியே தள்ளும் ஏபிசிஏ1 என்ற புரதத்தின் மரபணுப் பழுதே காரணம் என்பது 1999 இல்தான் தெரிந்தது.

அப்படியானால் எச்.டி.எல்லைக் கூட்டினால் போதும்தானே? மருந்து செய்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். ரோசெட்ராபிப் என்ற மாத்திரை எச்.டி.எல்லை நன்றாகவே உயர்த்தியது. ஆனால் அதைக் குடித்தவர்களிடையே இறப்புகள் கூடியதால் 2006 இல் ஆய்வையே நிறுத்தவேண்டி வந்தது. அது இரத்த அழுத்தத்தையும் கூட்டியது என்பது வேறு கதை. அறிக்கையிலுள்ள எண் பொதிகளின் கொலஸ்ரோல் அளவைச் சொல்கிறது. அவை வேலை செய்கின்றனவா என்று சொல்வதில்லை. நீரிழிவிலும் நாட்பட்ட மூட்டுவாதத்திலும் எச்.டி.எல். தாங்கும் புரதங்களே மாறி, வேலை குறையலாம். எண் மட்டும் அழகாக இருக்கும்.

தோழியின் அதே அறிக்கையில் அடுத்த வரியில் எல்.டி.எல். இருந்தது. கூடித்தான் இருந்தது. அவள் அதை வாசிக்கவில்லை. இப்போது திரும்பவும் மாத்திரை குடிக்கிறாள். முன்வரிசையில் இருந்து எங்களை முறைத்துக்கொண்டிருப்பவள் அவள்தான்.