விளையும் பயிர் முளையிலே தெரியுமா?



விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று நம் பெரியோர் சொல்லி வைத்தனர். முயல் பிடிக்கும் நாயை முகத்தைப் பார்த்தாலே தெரியும் என்றும் சொல்வதுண்டு. இப்பழமொழிகளைக் காதால் கேட்டறியாதவராயினும், இவற்றை நம்பியே பிழைப்பு நடத்துவோர் ஐரோப்பாவிலே பலர் உளர். கால்பந்தாட்டக் கழகங்களுக்காக இளம் ஆட்டக்காரர்களைத் தேடி ஊர் ஊராகத் திரிவோரைத்தான் சொல்கிறேன்.

ஐரோப்பாவின் பெரிய நாடுகளில் தொழில்முறைக் கால்பந்தாட்டப் பருவம் ஆகஸ்டு மாதத்தில் தொடங்கி, அடுத்த ஆண்டு மே மாதத்தில் முடிகிறது. இடையிலுள்ள ஜூன், ஜூலை மாதங்கள் ஆட்டக்காரருக்கு ஓய்வு. ஆரூடக்காரருக்கோ அறுவடைக் காலம். அடுத்த பருவத்தில் பேர் பெறப்போகும் இளைஞர் இன்னின்னார் என்று பத்திரிகைகள் பட்டியல் வெளியிடுகின்றன. கழகங்களோ அந்தக் கணிப்பைப் பணம் கொடுத்தே வாங்குகின்றன. 2019ஆம் ஆண்டில் ஜோவோ பெலிக்ஸ் என்னும் 19 வயதுப் போர்த்துகீசிய இளைஞருக்காக மாட்ரிட் நகரின் அத்லெத்திகோ கழகம் 12 கோடி யூரோவுக்கு மேல் கொடுத்தது. அதற்குமுன் அவர் முதல்நிலை அணியில் ஆடியிருந்தது ஒரே ஒரு பருவந்தான். பின்னர் அவர் இரவலாகப் பிற கழகங்களுக்குச் சென்று ஆட நேர்ந்தது. எனவே, இக்கணிப்பு எந்த அளவுக்கு இயலும் என்று கேட்பது வீண் கேள்வி ஆகாது.

முகத்தைப் பார்த்துச் சொல்லும் முறையை முதலில் பார்ப்போம். 1958ஆம் ஆண்டு சுவீடன் நாட்டில் உலகக் கோப்பைப் போட்டி நடந்தது. பிரேசில் அணியோடு ஜோவோ கார்வால்யாயிஸ் என்னும் உளநூல் அறிஞர் சென்றிருந்தார். அவர் ஆட்டக்காரர்களைச் சோதித்துப் பார்த்து, இருவரை ஆடவிட வேண்டாம் என்று கருத்துக் கூறினார். ஒருவர் கரிஞ்சா; மற்றவர் 17 வயதுப் பையன்; குழந்தைத்தனம் இன்னும் மாறாதவன் என்பது அவரைப் பற்றிய முடிவு. அந்தப் பையன் பெலே. பிற்காலத்தில் அவரே தம் வரலாற்றில் இதனை எழுதியிருக்கிறார். பயிற்சியாளர் விசென்தே பெயோலா அறிஞரின் சொல்லை ஏற்கவில்லை. பெலே அப்போட்டியில் 6 கோல் அடித்தார். அவற்றுள் இரண்டு இறுதியாட்டத்தில். கோப்பை பிரேசிலுக்கு வந்தது.

இதற்கு நேர் எதிரான நிகழ்ச்சியும் உண்டு. கானா நாட்டில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த பிரெடி அடு, 2004ஆம் ஆண்டில், 14 வயதிலேயே, வாஷிங்டன் நகரத் தொழில்முறைக் கழகத்தில் இறங்கி ஆடினார். அடுத்த பெலே இவரே என்று பத்திரிகைகள் எழுதின. அவர் பல நாடுகளில் பல கழகங்களுக்காக ஆடினார். ஆயினும் அந்தப் புகழுரை எதுவும் பலிக்கவில்லை. முளையைப் பார்த்துப் பயிரைச் சொன்னவர்கள் இரு பக்கமும் பிசகினர்.

பிசகுக்குக் காரணம் என்ன? கண் பொல்லாதது அன்று. கண் பார்க்கும் பொருளில்தான் சூது இருக்கிறது. இதில் மூன்று செய்திகளைப் பிரித்தறிய வேண்டும் என்பது என் கருத்து.

முதலாவது, வயது. இங்கிலாந்தில் சிறுவர் அணிகளைப் பிரிக்கும் ஆண்டுக் கணக்கு செப்டம்பர் 1ஆம் நாள் தொடங்குகிறது. ஒரு செப்டம்பரில் பிறந்தவனும் அடுத்த ஆகஸ்டில் பிறந்தவனும் ஒரே அணிக்கு உரியவர்கள். பத்து வயதில் பதினொரு மாத இடைவெளி சிறியதன்று; அது அச்சிறுவனின் வாழ்நாளில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. மூத்தவன் உயரமாயிருக்கிறான், விரைவாக ஓடுகிறான். பார்ப்பவர்கள் அதனைத் திறமை என்று எண்ணிவிடுகின்றனர். கணக்கு தொடங்கும் மாதங்களில் பிறந்த சிறுவர்களே இளையோர் அணிகளில் மிகுதியாக இருப்பதைப் பல நாடுகளில் ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர்.

ஹாரி கேன் பிறந்தது 1993ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள். அதாவது, கணக்கின் கடைக்கோடி. எட்டு வயதில் ஆர்சனல் கழகத்தின் சிறுவர் பயிற்சியில் சேர்ந்த அவரை, ஒரு பருவத்திற்குப் பின் அக்கழகம் விடுவித்துவிட்டது. ஆகவே, ஓர் இளைஞனின் பெயரைக் கேட்டவுடன் நான் முதலில் கேட்கும் கேள்வி, அவன் யாரோடு ஆடினான் என்பதே. தன்னையொத்த சிறுவர்களிடையே கோல் குவித்த 19 வயதுக்காரனைவிட, வளர்ந்த ஆடவரிடையே ஈடுகொடுத்து நின்ற 19 வயதுக்காரனையே நான் அதிகம் நம்புவேன்.

இரண்டாவது, எண்ணிக்கை. ஓர் இளைஞன் பத்து ஆட்டங்களில் எட்டுக் கோல் அடித்தான் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த பருவம் முழுதும் அதே வேகத்தில் அடிப்பானா? பெரும்பாலும் அடிக்கமாட்டான். பிரான்சிஸ் கால்ட்டன் என்னும் ஆங்கில அறிஞர் 1886ஆம் ஆண்டில் பெற்றோர் பிள்ளைகளின் உயரத்தை அளந்து ஓர் உண்மையை வெளியிட்டார். மிக உயர்ந்த பெற்றோரின் பிள்ளைகள், சராசரியைவிட உயரமாயிருந்தாலும், பெற்றோர் அளவுக்கு உயர்வதில்லை. எந்த அளவையிலும் உச்சத்தில் நிற்பது அடுத்த முறை நடுவை நோக்கிச் சற்று இறங்குவதே இயல்பு. உச்சத்திற்குத் திறமையோடு நற்பேறும் உதவியிருக்கும். திறமை உடன்வரும், நற்பேறு உடன்வருமென்பதற்கு உறுதியில்லை.

இதனைப் பிரித்தறியப் புள்ளிவிவர அறிஞர் ஒரு வழி கண்டுள்ளனர். கோலை மட்டும் எண்ணாமல், கோல் நோக்கி அடித்த ஒவ்வோர் உதையையும் எடுத்துக்கொள்கின்றனர். எவ்வளவு தொலைவிலிருந்து, எந்தக் கோணத்திலிருந்து அடிக்கப்பட்டது என்று பார்த்து, அத்தகைய உதைகள் வழக்கமாக எத்தனைக்கு எத்தனை கோலாகின்றன என்று மதிப்பிடுகின்றனர். பெனால்டி உதை ஏறத்தாழ நான்கில் மூன்று முறை கோலாகும். வெகு தொலைவிலிருந்து அடிக்கும் உதை மிக அரிதாகவே ஆகும். இம்மதிப்புகளைக் கூட்டினால், அவனுக்குக் கிடைத்த வாய்ப்புகளின் தரம் தெரியும். நல்ல வாய்ப்புகளைத் திரும்பத் திரும்பப் பெற்றும் குறைவாகக் கோல் அடித்தவன் அடுத்த பருவத்தில் உயரக்கூடும். அரைகுறை வாய்ப்புகளில் அதிகமாக அடித்தவன் இறங்கக்கூடும். பட்டியல் எழுதுவோர் பெரும்பாலும் இரண்டாமவனையே பாராட்டுகின்றனர்.

மூன்றாவது, இடம். திறமை இருந்தும் களத்தில் காலியிடம் இல்லாவிட்டால் பயனில்லை. 2016ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள், மான்செஸ்டர் யுனைட்டெட் கழகம் டென்மார்க்கு நாட்டின் மிட்ஜிலான் கழகத்தோடு மோத இருந்தது. ஆட்டம் தொடங்குமுன் உடலைச் சூடேற்றும் பயிற்சியிலேயே அந்தோணி மார்சியல் காயமுற்றார். அவருக்குப் பதிலாக 18 வயது மார்க்கஸ் ராஷ்போர்டு இறக்கப்பட்டார். முதன்முதலாகப் பெரிய அணியில் ஆடிய அவர் 2 கோல் அடித்தார்; மூன்று நாள் கழித்து ஆர்சனல் கழகத்திற்கு எதிராக மேலும் 2 கோல் அடித்தார். அன்று மாலை ஒருவர் கால் பிசகாமல் இருந்திருந்தால், அந்த வாரத்தில் அப்பெயரை யார் கேட்டிருப்பர்?

இம்மூன்றையும் சேர்த்து 2014ஆம் ஆண்டின் கோடைக்குச் சென்று, 21 வயதை எட்டும் ஹாரி கேனைப் பார்ப்போம். வயது: நான்கு கழகங்களுக்கு இரவலாகச் சென்று, வளர்ந்த ஆடவரிடையே அடிபட்டு ஆடியவர். எண்ணிக்கை: டாட்டன்ஹாம் கழகத்துக்காக அந்த ஏப்ரலில் அடுத்தடுத்து மூன்று லீக் ஆட்டங்களில் கோல் அடித்தவர், நம்பிக்கைக்கு இடமுண்டு, ஆனால் மூன்று என்பது சிறிய எண். இடம்: அவருக்கு முன்னே அடபயோர், சோல்தாதோ என்னும் பெயர்பெற்ற இருவர் நின்றனர். அன்று என்னைக் கேட்டிருந்தால், நூற்றுக்கு இருபது என்பதே நேர்மையான விடையாக இருந்திருக்கும். பருவம் தொடங்கியபோது லீக் ஆட்டங்களில் அவர் மாற்று ஆட்டக்காரரே. நவம்பரில் ஆஸ்டன் வில்லா கழகத்துக்கு எதிராகக் கடைசி நேரத்தில் வெற்றிக் கோல் அடித்தார். அதன் பிறகே நிலையான இடம் கிடைத்தது. பருவ முடிவில் அவர் கணக்கில் 21 லீக் கோல்கள் இருந்தன.

நூற்றுக்கு இருபது என்று சொன்னவன் தோற்றானா? தோற்கவில்லை. கணிப்பு என்பது ஆம், இல்லை என்று அடித்துச் சொல்வதன்று. எவ்வளவுக்கு எவ்வளவு என்று அளந்து சொல்வது. இருபது விழுக்காடு என்று நான் ஐந்து இளைஞரைக் குறித்து, அவர்களுள் ஒருவர் மேலெழுந்தால் என் அளவுகோல் சரியானது. ஐவருமே எழுந்தால், நான் மகிழலாம், ஆனால் என் அளவுகோல் தவறானது. இத்தாலியப் பத்திரிகை ஒன்று 2003ஆம் ஆண்டு முதல், 21 வயதுக்கு உட்பட்ட சிறந்த ஐரோப்பியக் கழக ஆட்டக்காரருக்குத் 'தங்கப் பையன்' என்னும் பரிசை அளித்து வருகிறது. 2005ஆம் ஆண்டில் அதனைப் பெற்றவர் மெஸ்ஸி, 2017இல் எம்பாப்பே. இடையே 2016இல் பெற்ற ரெனாட்டோ சான்சஸ், மறு ஆண்டே இரவலாகச் சுவான்சி கழகத்திற்கு அனுப்பப்பட்டார். தேர்ந்தெடுத்தவர்கள் அறியாதவர்கள் அல்லர். அறிந்தவர் கணிப்பும் அவ்வளவுதான் செல்லும்.

இங்கே ஒன்றை ஆழ்ந்து எண்ணவேண்டும். மழை பெய்யும் என்று நாம் கணித்தால், அக்கணிப்பால் மழை மாறுவதில்லை. மனிதரைப் பற்றிய கணிப்போ மனிதரை மாற்றிவிடுகிறது. தேறுவான் என்று குறிக்கப்பட்ட சிறுவனுக்கு நல்ல பயிற்சியாளர், நல்ல ஆடுகளம், அதிக ஆட்டநேரம் எல்லாம் கிடைக்கின்றன, அவன் தேறுகிறான். தேறான் என்று விடப்பட்டவனுக்கு அவை கிட்டுவதில்லை, அவன் தேறுவதில்லை. பிறகு, பார்த்தீர்களா, அன்றே சொன்னோமே என்கிறோம். பாராட்டுக்கும் விலை உண்டு. ஸ்பெயின் நாட்டு இளைஞர் பெத்ரி, 18 வயதில், 2020-21 பருவத்தில் கழகத்துக்கும் நாட்டுக்குமாக 73 ஆட்டங்கள் ஆடினார். அடுத்த பருவத்தில் தசைக் காயங்கள் அவரை மீண்டும் மீண்டும் வெளியே உட்காரவைத்தன.

விடப்பட்டவர்களுள் ஒருவரையும் சொல்லவேண்டும். ஜேமி வார்டியை, உருவம் சிறியதென்று, 16 வயதில் ஷெபீல்டு வென்ஸ்டே கழகம் விடுவித்தது. அவர் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே சிற்றூர்க் கழகத்தில் ஆடினார். 2012ஆம் ஆண்டில், 25 வயதில், லெஸ்டர் கழகத்திற்கு வந்தார். 2013 மே மாதத்தில், இரண்டாம் நிலை லீகில் இருந்த அந்த லெஸ்டர் அணியின் மாற்று ஆட்டக்காரர் இருக்கையில் இருவர் அருகருகே காத்திருந்தனர். ஒருவர் வார்டி, மற்றவர் இரவலாக வந்திருந்த ஹாரி கேன். மூன்றாண்டு கழிந்து, 2015-16 பருவத்தின் முடிவில், இங்கிலாந்தின் முதல்நிலை லீகில் மிகுதியாகக் கோல் அடித்தவர் 25 கோல்களுடன் கேன். 24 கோல்களுடன் அடுத்து நின்றோருள் ஒருவர் வார்டி. அந்த ஆண்டு லீகில் வாகை சூடியதும் லெஸ்டர் கழகமே.

அடுத்த ஜூலை மாதத்தில் நீங்களும் கணித்துப் பாருங்கள். ஒரு குறிப்பேட்டில் பத்து இளைஞரின் பெயரை எழுதுங்கள். அவன் யாரோடு ஆடினான், எத்தகைய வாய்ப்புகளைப் பெற்றான், அவனுக்குக் களத்தில் இடம் உண்டா என்னும் மூன்று கேள்விகளையும் கேட்டு, ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் நூற்றுக்கு எத்தனை என்று குறியுங்கள். மே மாதத்தில் ஏட்டைத் திறந்து, பலித்ததைப் போலவே பலிக்காததையும் எண்ணுங்கள். அடுத்த ஆண்டு உங்கள் எண்கள் அடக்கமாக இருக்கும். அந்த அடக்கமே அறிவு.

பழமொழி பொய்யன்று. முளையிலே பயிரின் இயல்பு தெரியும், விளைச்சல் தெரிவதில்லை. அதனால்தான் உழவன் முளையைப் பார்த்த பிறகும் நீர் பாய்ச்சுகிறான், களை எடுக்கிறான். பத்து நாளில் உயரவில்லை என்று எந்த நாற்றையும் அவன் பிடுங்கி எறிவதில்லை.