மருத்துவம் படிக்கும் பிள்ளைக்கு நிச்சயம் பேசும் முன்

(தல்லாகுளத்தில் நம் அறக்கட்டளை கூட்டிய பெற்றோர் கூட்டத்தில் வாசிக்கப்பட்ட உரை)





நம் தெருவில் ஒரு பிள்ளைக்கு மருத்துவ இடம் கிடைத்தால் அந்தச் செய்தி அந்த வீட்டோடு நிற்பதில்லை. ஜமாஅத் முழுவதும் மகிழ்கிறது. தமிழ்நாட்டில் 2007 முதல் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. 2020 முதல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு வந்தது. வண்டியோட்டும் அத்தாவின் மகளும் இன்று வெள்ளைக் கோட்டுப் போடுகிறாள். அல்ஹம்துலில்லாஹ்.

இனிப்புக் கொடுத்து முடிவதற்குள் அடுத்த பேச்சு தொடங்கிவிடுகிறது. பெண் கேட்டு ஆள் வருகிறது. மாப்பிள்ளை கேட்டு ஆள் வருகிறது. நிச்சயமும் நடந்துவிடுகிறது. நிச்சயத்துக்கும் நிக்காஹுக்கும் நடுவில் உள்ள அந்தக் காலம் ஒரு இளம் மருத்துவருக்கு எப்படிப்பட்டது என்பதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. இன்று அதைத்தான் பேச வந்திருக்கிறோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். எம்.பி.பி.எஸ். படிப்பு நாலரை ஆண்டு. அதன்பின் ஓராண்டு கட்டாயப் பயிற்சி. நாம் ஹவுஸ் சர்ஜன் என்கிறோமே, அதுதான் இது. பதினெட்டு வயதில் சேர்ந்த பிள்ளை இதை முடிக்கும்போது இருபத்து மூன்றரை வயது. பிறகு மேற்படிப்புக்கான நீட் தேர்வு. அதற்குத் தயாராகவே பலருக்கு ஓராண்டு போகிறது. எம்.டி., எம்.எஸ். மூன்றாண்டு. அதற்கும் மேல் தனித்துறைப் படிப்பு என்றால் இன்னும் மூன்றாண்டு. ஆக, டாக்டர் என்று நாம் கூப்பிடத் தொடங்கும் நாளுக்கும், அந்தப் பிள்ளை தன் காலில் உறுதியாக நிற்கும் நாளுக்கும் இடையே ஐந்தாண்டு, ஏழாண்டு இருக்கிறது. நாம் நிச்சயம் பேசுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

அந்த நாட்களில் பிள்ளை எங்கே இருக்கிறது? நமக்கு அருகிலேயே பார்க்கலாம். கோரிப்பாளையத்தில் இறங்கினால் பெரியாஸ்பத்திரி. நம் பெரியவர்கள் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்பார்கள். இன்று அரசு இராசாசி மருத்துவமனை. 1954-இல் தொடங்கிய மதுரை மருத்துவக் கல்லூரியின் பிள்ளைகள் அங்கேதான் கற்கிறார்கள். மதுரைக்காரர்கள் மட்டுமா வருகிறார்கள்? தேனி, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை, இராமநாதபுரம் என்று எல்லாத் திசையிலிருந்தும் ஆம்புலன்ஸ் வருகிறது. பயிற்சி மருத்துவர் பொது மருத்துவம், அறுவை சிகிச்சை, மகப்பேறு, குழந்தைகள் நலம், அவசர சிகிச்சை என்று ஒவ்வொரு பிரிவாகச் சுற்றி வர வேண்டும். இரத்தம் எடுப்பது, கட்டுப் போடுவது, பிரசவத்தில் உடன் நிற்பது, பரிசோதனை முடிவுக்கு ஓடுவது எல்லாம் அவர் பொறுப்பு. இரவு டூட்டி முடிந்த காலையிலும் வார்டில் வேலை காத்திருக்கும்.

இதே நேரத்தில் வீட்டில் ஒரு மனத்தாங்கல் முளைக்கும். "நிச்சயம் முடிந்து ஒரு மாதமாகிறது, மருமகள் போனை எடுப்பதில்லை" என்று மாமியார் வருத்தப்படுவார். பிரசவ வார்டில் நிற்கும் பெண்ணின் போன் பைக்குள் கிடக்கும். "பேருக்குக்கூட மோதிரம் போடவில்லையே" என்பார்கள். அறுவை அரங்கில் கை கழுவி உறை மாட்டும்போது மோதிரமும் வளையலும் இருக்கக்கூடாது, கிருமி தங்கும். கழற்றி வைத்த மோதிரத்துக்கு வேறு பொருள் தேடுகிறோம். "பெருநாளைக்கு வரவில்லை" என்பார்கள். பெருநாள் அன்றும் விபத்து நடக்கிறது, பிரசவம் நடக்கிறது. வார்டில் யாராவது நிற்க வேண்டுமே!

தேசிய மருத்துவ ஆணையம் 2023-இல் வெளியிட்ட மேற்படிப்பு விதிகளில், ஆண்டுக்கு 20 நாள் தற்செயல் விடுப்பும், பணி நிலவரத்தைப் பொறுத்து வாரம் ஒரு நாள் ஓய்வும் சொல்லப்பட்டிருக்கிறது. மருத்துவ மாணவர்களின் மனநலத்தை ஆராய அந்த ஆணையம் அமைத்த பணிக்குழு 2024-இல், மேற்படிப்பு மருத்துவர்களுக்கு வாரம் 74 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்று பரிந்துரைத்தது. ஆறு நாளில் பிரித்தாலும் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் தாண்டுகிறது! உச்சவரம்பே அது என்றால், உண்மையில் நடப்பது எவ்வளவு என்று நாமே எண்ணிப் பார்க்கலாம்.

சகோதரர்களே, நேரம் மட்டும் பிரச்சினையில்லை. பணமும் வந்து நுழைகிறது. மாப்பிள்ளை டாக்டர் என்றால் அவருக்கு ஒரு விலை வைக்கப்படுகிறது. கைக்கூலி என்று வாய்விட்டுக் கேட்பதில்லை. "கிளினிக் வைத்துக் கொடுத்தால் உங்கள் பெண்தானே நன்றாக இருப்பாள்" என்கிறார்கள். "மேற்படிப்பு இடத்துக்குக் கொஞ்சம் உதவினால் போதும்" என்கிறார்கள். பெயரை மாற்றினாலும் அது கைக்கூலிதான். மஹரை மாப்பிள்ளை மனமுவந்து கொடுக்க வேண்டும் என்பது குர்ஆனின் கட்டளை (4:4). கொடுக்க வேண்டியவர் வாங்கலாமா? 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டமும் கொடுப்பவர், வாங்குபவர் இருவரையும் குற்றவாளியாக்குகிறது. அதே சட்டம் மஹரை வரதட்சணையில் சேர்க்கவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

2023 டிசம்பரில் திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் அறுவை சிகிச்சை மேற்படிப்புப் படித்த ஒரு முஸ்லிம் சகோதரி தன் உயிரை மாய்த்துக்கொண்டார். இன்னொரு மருத்துவரோடு அவருக்குத் திருமணம் பேசப்பட்டிருந்தது. பெரும் வரதட்சணை கேட்டார்கள், கொடுக்க இயலாததால் திருமணப் பேச்சு முறிந்தது என்பது குடும்பத்தாரின் புகார். காவல்துறை வழக்குப் பதிந்தது. குற்றம் யாருடையது என்று சொல்வது நீதிமன்றத்தின் வேலை. நமக்குரிய பாடம் வேறு. பிறர் உயிரைக் காக்கக் கற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு, ஒரு சம்பந்தம் முறிந்தால் வாழ்க்கையே முறிந்தது போலத் தோன்றியிருக்கிறது. அப்படி எண்ணும் நிலைக்கு நம் பிள்ளைகளை நாம் கொண்டுபோய் நிறுத்தக்கூடாது.

இங்கே மார்க்கம் நமக்கு இலகுவைத் தந்திருக்கிறது. நிச்சயம் என்பது வாக்குறுதி, நிக்காஹ் ஆகாது. தக்க காரணமிருந்தால் விலகிக்கொள்ள வழியுண்டு. நிச்சயம் முறிவது வருத்தம்தான். ஆனால் அவமானமில்லை. பேராசை தெரிந்த பிறகும் "ஊர் என்ன சொல்லும்" என்று அஞ்சி மணம் முடித்து, பிறகு தலாக்கில் போய் நிற்பது அதைவிடப் பெரிய வருத்தம். "எதுவானாலும் வீட்டுக்கு வா, நாங்கள் இருக்கிறோம்" என்று மகளிடம் அத்தா முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். மகனிடமும் சொல்ல வேண்டும். ஜமாஅத்தும் அந்த வீட்டைப் பற்றிப் புறம் பேசாமல் இருக்க வேண்டும்.

சரி, நிச்சயம் பேசும்போது எதைப் பேச வேண்டும்? மண்டபமும் பிரியாணியும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் படிப்பைப் பேசுங்கள். மேற்படிப்பு உண்டா, எந்தத் துறை, எத்தனை ஆண்டு? அரசுக் கல்லூரிகளின் மேற்படிப்பு இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிறது. மதுரைப் பெண்ணுக்கு டில்லியில் இடம் கிடைக்கலாம். கிடைத்தால் அனுப்புவீர்களா? இந்தக் கேள்விக்கு இரு வீட்டாரும் அன்றே பதில் சொல்ல வேண்டும். நிக்காஹ் தேதியைப் பிள்ளையின் தேர்வும் டூட்டியும் பார்த்து வையுங்கள். குழந்தை எப்போது என்பதை அவர்கள் இருவரும் பேசி முடிவெடுக்க விடுங்கள். பணம் பற்றிய பேச்சு மஹரோடு முடியட்டும்.

மகன் டாக்டராக இருந்தால் "படிக்கிறான், தொந்தரவு செய்யாதீர்கள்" என்கிறோம். மருமகள் டாக்டராக இருந்தால் "படித்தது போதும்" என்கிறோம். இரண்டு பேரும் அதே தேர்வைத்தான் எழுதினார்கள். அதே இரவில்தான் கண் விழித்தார்கள். அகழ்ப் போரின்போது மதீனாப் பள்ளிவாசலில் கூடாரமிட்டுக் காயம்பட்டவர்களைக் கவனித்தவர் ருஃபைதா (ரலி) என்ற பெண்மணி. நம் வீட்டுப் பெண்கள் பிரசவத்துக்குப் பெண் டாக்டர்தான் வேண்டும் என்கிறோம். அந்தப் பெண் டாக்டர் வேறு யார் வீட்டிலிருந்தோ வரவேண்டும் என்று நினைப்பது நியாயமா?

நூறாண்டுக்கு முன்பே இதற்கு ஒரு முன்மாதிரி நம் மாநிலத்தில் உண்டு. புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். மணப்பதற்கு முன்பே, தன்னைச் சமமாக மதிக்க வேண்டும், தன் விருப்பத்துக்குத் தடையாக இருக்கக்கூடாது என்று நிபந்தனை வைத்தார். அவரும் ஏற்றார். பின்னாளில் அந்த அம்மையாரின் முயற்சியால்தான் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. இன்றும் அங்கே எல்லாச் சமுதாயத்தாரும் சிகிச்சை பெறுகிறார்கள். மணம் பேசும்போது ஒப்புக்கொண்ட ஒரு சொல்லை ஒருவர் காப்பாற்றினால் அதன் பலன் எத்தனை வீடுகளுக்குப் போய்ச் சேருகிறது பாருங்கள்! மணத்தின்போது ஏற்ற நிபந்தனைகளை நிறைவேற்றுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் மிகவும் வலியுறுத்தியிருக்கிறார்கள். ஆகவே பெண் படிப்பைத் தொடரலாம், பணி செய்யலாம் என்பதை வாய்ப்பேச்சோடு விடாமல், ஆலிம்களைக் கலந்து எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இளம் மருத்துவர்களுக்கும் ஒரு சொல். பிறருக்கு மருந்து எழுதும் நீங்கள் உங்கள் மனச்சுமையை மறைக்காதீர்கள். டூட்டி அட்டவணையை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பாதிச் சண்டை அதிலேயே தீரும். மனம் தாங்கவில்லை என்றால் 104 எண்ணிலோ 14416 எண்ணிலோ பேசுங்கள். உங்கள் பேரைச் சொல்லிக் கைக்கூலி கேட்கப்பட்டால், "வேண்டாம்" என்று முதலில் சொல்ல வேண்டியவர் மாப்பிள்ளைதான். "அத்தா, அம்மா பார்த்துக்கொள்கிறார்கள்" என்று ஒதுங்குவது ஆண்மையில்லை.

நிச்சயம் பேசுவதற்கு முன் இரு வீட்டாரும் உட்கார்ந்து இவற்றைப் பேச இடம் வேண்டுமென்றால், நம் அறக்கட்டளையின் கதவு திறந்திருக்கிறது. நடுவில் இருந்து பேசித்தர நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

நம் பிள்ளைகளின் கல்வியிலும் இல்லறத்திலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.