ஒரு துளிக் குருதியும் இரு கோடுகளும்



நுண்ணிய வாய்க்கால்களில் ஓடும் திரவங்களைப் பற்றியும் அவற்றால் வைத்தியத்துக்கு உண்டாகும் பயனைப் பற்றியும் பேசுமாறு செயலாளர் பணித்தபோது நாம் சற்றுத் தயங்கினோம். வாய்க்கால் என்றதும் வயலை நினைக்கும் இச்சபையில் மயிரிழையளவு வாய்க்காலைப் பற்றிப் பேசினால் யார் கேட்பர்? ஆயினும், இங்கிருப்போருட் பலர் அத்தகைய நுண்வழிகள் ஆயிரமாயிரம் நிறைந்த பொருளொன்றைக் கையில் ஏந்தியவர்களே. 2020ஆம் ஆண்டிற் கொரோனா நோய் உலகெங்கும் பரவிய பின்னர், மூக்கிலிருந்து எடுத்ததைக் கரைத்துச் சில துளி விட்டு, ஒரு கோடா இரு கோடா என்று நெஞ்சு படபடக்கப் பார்த்திருந்தோமே, அந்தச் சிறு பட்டியே அது.

நீர் பெரிய குழாயில் ஒரு விதமாகவும் மயிர்த்துளையில் வேறு விதமாகவும் நடந்துகொள்ளும். 1883இல் மான்செஸ்ரர் நகரில் ஒஸ்போண் றெனோல்ட்ஸ் என்னும் பேராசிரியர், கண்ணாடிக் குழாயில் ஓடும் நீரின் நடுவே சாயத்தை விட்டுப் பார்த்தார். நீர் மெல்ல ஓடியபோது சாயம் நூல் பிடித்தாற்போல நேராகச் சென்றது. வேகம் ஒரு வரம்பைக் கடந்ததும் சுழன்று கலங்கிற்று. முன்னையதை அருவிக்கோட்டுப் பாய்ச்சல் என்று பௌதிக நூல்களிற் படிக்கின்றோம். குழாயை மயிரிழையளவுக்குச் சுருக்கினால் அந்தக் கலக்கத்துக்கு இடமே இல்லை எனலாம். இரு திரவங்களை அருகருகே ஓடவிட்டால், மனஸ்தாபமுள்ள அயலவர் இருவர் ஒரே ஒழுங்கையிற் போவதுபோல, ஒன்றையொன்று பாராமலே போகும். எல்லையைத் தாண்டுவன பரவலால் நகரும் மூலக்கூறுகள் மாத்திரமே. பரவலுக்கும் ஒரு கணக்குண்டு: தூரம் பத்திலொன்றானால் நேரம் நூறிலொன்றாகும். ஒரு மணி நேரக் காரியம் 36 செக்கனில் முடியும். ஆய்வுகூடத்தைச் சுருக்க விஞ்ஞானிகள் முற்பட்டதற்கு இடச்சிக்கனம் மாத்திரம் காரணமன்று என்பது இதனாற் புலப்படும்.

1979இல் அமெரிக்காவின் ஸ்ரான்போட் சர்வகலாசாலையில் வாயுக்களைப் பிரித்தறியும் கருவியைச் சிலிக்கன் தகடொன்றிற் செதுக்கினர். 1998இல் ஹாவாட் பேராசிரியர் ஜோர்ஜ் வைற்சைட்ஸ் குழுவினர், சிலிக்கோன் இறப்பரை அச்சில் வார்த்து வாய்க்கால் அமைக்கும் எளிய முறையைக் காட்டினர். 2010இல் டொனால்ட் இங்பரும் டொங்யுன் ஹூவும் அத்தகைய இறப்பர்த் துண்டில், ஒரு புறம் காற்றும் மறுபுறம் குருதி போன்ற திரவமும் செல்ல, நடுவே மனித நுரையீரற் கலங்களையும் குருதிக்கலன் கலங்களையும் வளர்த்து, மூச்சு வாங்குவதுபோல அதனை விரிந்து சுருங்கவும் செய்தனர்.

எம் மனத்தைக் கவர்ந்தது அதுவன்று, கடதாசியே. மேற்கூறியவற்றுக்குப் பம்பு வேண்டும், மின்சாரம் வேண்டும், நுணுக்குக்காட்டி வேண்டும். 2007இல் அதே வைற்சைட்ஸ் குழுவினர் கடதாசியில் நீர் ஏறாத பொருளாற் கரை கட்டி, சிறுநீரிற் குளுக்கோசும் புரதமும் உண்டா என்பதை நிறத்தினால் அறியச் செய்தனர். மயிர்த்துளைக் கவர்ச்சியே நீரை இழுத்துச் செல்லும். நாமும் வடிதாளில் மெழுகுக் கோலாற் கோடு வரைந்து செய்து பார்த்தோம். முதல் முறை சாயநீர் கரையைத் தாண்டி எங்கும் பரவி மேசைவிரிப்பையும் கெடுத்தது. மெழுகு மேற்பரப்பிலே நின்றுவிட்டதே பிழை. ஸ்திரிக்கைப் பெட்டியாற் சூடாக்கி, மெழுகு மறுபுறம் வரை ஊறிய பின்னரே வாய்க்கால் ஒழுங்காயிற்று.

கசநோய்க்கும் எயிட்சுக்கும் மருந்துண்போரின் ஈரலை அம்மருந்துகளே தாக்கக்கூடும். அடிக்கடி குருதியைச் சோதிக்க வேண்டும். ஆய்வுகூடம் எட்டாத ஊரில் என் செய்வது? இதற்காக விரல்நுனிக் குருதித் துளியால் ஈரலின் நிலையைக் காட்டும் கடதாசியொன்றை 2012இல் வெளியான ஆய்வொன்று விவரித்தது. நுட்பமான எண்ணை அது சொல்வதில்லை. இன்ன படியில் இருக்கிறது என்று மாத்திரம் நிறத்தாற் சொல்லும். தனக்குத் தெரிந்த அளவோடு நிற்கும் அந்த அடக்கம் எமக்குப் பிடித்தது.

அடக்கமில்லாத கதையும் ஒன்றுண்டு. 2003இல் கலிபோணியாவில் எலிசபெத் ஹோம்ஸ் என்னும் 19 வயது மாணவி, எம்மிலும் இளையவர், தெரனோஸ் என்னும் கம்பனியைத் தொடங்கினார். சில துளிக் குருதியில் எத்தனையோ பரிசோதனைகள் செய்யலாம் என்றார். கம்பனியின் பெறுமதி 900 கோடி டொலர் என மதிக்கப்பட்டது. பெரும்பாலான பரிசோதனைகள் பிற கம்பனிகளின் வழக்கமான இயந்திரங்களிலேயே நடந்தன என்பதை 2015 ஒக்ரோபரிற் பத்திரிகையொன்று வெளிப்படுத்திற்று. அடுத்த ஆண்டு தன் கருவி தந்த இரண்டாண்டு முடிவுகளைக் கம்பனியே செல்லாதனவென விலக்கிக்கொண்டது. 2022இல் ஹோம்சுக்கு 11 ஆண்டுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது. அதுவும் முதலிட்டவர்களை ஏமாற்றியமைக்காகவே. நோயாளர் தொடர்பான குற்றச்சாட்டுக்களில் யூரிமார் அவரைக் குற்றவாளியெனக் காணவில்லை. பணம் போட்டவரின் வழக்கு வென்றது. பிழையான முடிவைக் கையில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருந்தவரின் வழக்கு என்னவாயிற்று?

ஒரு துளியில் எல்லாம் அடங்காமைக்குக் காரணம் உண்டு. விரலைப் பிதுக்கும்போது இழைய நீரும் குருதியோடு கலக்கும். செங்குழியங்கள் உடைந்து உள்ளிருக்கும் பொற்றாசியம் வெளிவரும். ஒரே விரலில் அடுத்தடுத்து எடுத்த துளிகளிலேகூட ஈமோகுளோபின் அளவு வேறுபடுவதை றைஸ் சர்வகலாசாலையினர் 2015இற் காட்டினர். வாய்க்காலை எவ்வளவு திறமையாக வெட்டினாலும், துளியில் இல்லாததை அது கொண்டுவராது.

முன்னர் கூறிய கொரோனாப் பட்டிக்கு மீள்வோம். அதிற் கோடு தோன்றும் இடங்கள் இரண்டு. ஒன்று நோயைப் பற்றியது. மற்றது பட்டியைப் பற்றியது. திரவம் சரிவர ஓடிச்சென்றால், நோய் இருப்பினும் இல்லாவிடினும் அந்த மற்றக் கோடு தோன்றியே தீரும். அது தோன்றாவிடின், முதற்கோடு என்ன சொன்னாலும் பட்டியை எறிந்துவிட வேண்டும். மிஷன் பாடசாலையில் எமக்குப் பௌதிகம் கற்பித்த ஆசிரியர், கருவியின் பூச்சிய வழுவை எழுதாத மாணவனின் கணக்கைத் திரும்பியும் பாரார். அவருடைய பிடிவாதத்தின் பொருள் இப்பட்டியைக் கண்ட பின்னரே எமக்கு விளங்கிற்று.

கூட்டம் முடிந்ததும் விரும்பியோர் மேசைக்கு வரலாம். வடிதாளும் மெழுகுக் கோலும் சாயநீரும் வைத்துள்ளோம். ஸ்திரிக்கைப் பெட்டி சூடாகவே இருக்கின்றது. சிறுவர் கைவைக்காதபடி பெரியோர் பார்த்துக்கொள்வார்களாக.